பிள்ளைக்காம்பராவுக்கு மேலே

கீழ்க்கணக்கு டிவிஷன்,
டயகம.
14.07.2002

அன்புள்ள யசோதினி மிஸ்ஸுக்கு,

நீங்கள் பேராதனைக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிள்ளைக்காம்பரா ஜன்னலிலும் லயத்து வீடுகளின் கூரை ஓரத்திலும் காற்றைச் சோதிக்க நீங்கள் கட்டிவிட்டுப் போன குழாய்களைக் காட்டித் தந்தபடியே கழற்றி, மூடி போட்டு, பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஓடைக்கரையில் கட்டியதை மட்டும் காணவில்லை. காற்று பிடுங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

நீங்கள் போன நாளிலிருந்து மழை விடவில்லை. மழை பெய்தால் நாற்றம் அடங்கும் என்று வெளியார் நினைப்பார்கள். இங்கே நேர்மாறு. மேலே கோழிக் கொட்டில்களுக்கு அடியில் மலை மாதிரிக் குவிந்திருக்கும் எச்சம் நனைந்து ஊறி, விடியற்காலையில் மூடுபனியோடு சேர்ந்து இறங்குகிறது. வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் தாய்மார்கள் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுவந்து என் கையில் தருகிற நேரமும் அதுதான். கதவைத் திறந்தால் கண் எரிகிறது. கதவைச் சாத்தினால் உள்ளே வந்தது வெளியே போகாமல் நிற்கிறது. நான் எதைச் செய்வது?

போன செவ்வாய்க்கிழமை அழகம்மாவின் மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. உங்கள் மடியில் ஏறி உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினாளே, அந்தக் குழந்தைதான். உதடு நீலமாகிவிட்டது. அழகம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. கடைசியில் எது வந்தது தெரியுமா, மிஸ்? பண்ணையின் முட்டை லொறி. என் வீட்டுக்காரர் வீரய்யாதான் ரோட்டில் மறித்தார். சாரதி நல்ல மனுஷன். "ஏறுங்க, ஏறுங்க" என்று முட்டைத் தட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தார். லிந்துலை ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தத் தட்டுகளுக்கு நடுவில்தான் போனோம். மாஸ்க் வைத்து மருந்துப் புகை பிடித்த பிறகு பிள்ளை அழுதது. அது அழுததைக் கேட்டு அழகம்மா சிரித்தாள்.

"வீட்டுக்குக் கிட்ட ஏதாவது புகை, வாடை இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். கோழிப்பண்ணை என்றேன். "அப்ப அங்க இருந்து தள்ளி வைங்க" என்றார். எங்கே தள்ளி வைப்பது?

சோதனை முடிவு எப்போது வரும் என்று லயத்தில் எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். நீங்கள் எழுதினால்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஜெயந்தினி


பேராதனை.
05.08.2002

அன்பின் ஜெயந்தினி அக்கா,

குழாய்கள் பத்திரமாகக் கிடைத்தன. பிள்ளையின் செய்தியை வாசித்துவிட்டு அன்று முழுக்க ஆய்வுகூடத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. இப்போது எப்படி இருக்கிறாள்?

முடிவு வந்துவிட்டது. நீங்கள் சொன்னது சரி. எல்லாக் குழாய்களிலும் ஆகக் கூடுதலான அமோனியா இருந்தவை இரண்டு: பிள்ளைக்காம்பரா யன்னலில் கட்டியது, லயத்தின் கோடிக் காம்பராவில் கட்டியது. இரவில் குளிர்ந்த காற்று பாரமாகி, பள்ளம் பார்த்துத் தண்ணீர் மாதிரி வழிந்து இறங்கும். உங்கள் லயம் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது.

இதை எடுத்துக்கொண்டு எங்கள் ஆய்வுக் குழுத் தலைவர் இராசரத்தினம் சேரிடம் ஓடினேன். ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், என்னைச் சிறுவயதிலிருந்து தெரிந்தவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, கூடச் சொல்லுறாய். எதைவிடக் கூட?"

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன், அக்கா. வெளிக்காற்றில் எந்த வாயு எவ்வளவு இருக்கலாம் என்று எங்கள் விதிகள் சொல்கின்றன. அவற்றில் அமோனியா இல்லை. "எல்லை போடாத இடத்தில எல்லை மீறினதெண்டு என்னெண்டு எழுதுறது?" என்று சேர் கேட்டார். அவர் பண்ணைக்காரரின் ஆள் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

சுற்றாடல் அலுவலகத்துக்கு நாங்கள் எழுதும் அறிக்கையில் காட்டுக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. பண்ணைக்கு மேலே உள்ள மரங்களில் தாடி மாதிரித் தொங்கிய பாசி கருகிப்போனதைப் படங்களோடு எழுதியிருக்கிறோம். ஓடைக்கு ஓர் அத்தியாயம். மனிதருக்கு ஒரு பந்தி. அந்தப் பந்தியை எழுதும் வேலை எனக்குத் தரப்பட்டிருக்கிறது. அதற்குள் எவ்வளவு போட முடியுமோ அவ்வளவும் போடுவேன். லயமும் பிள்ளைக்காம்பராவும் பண்ணைக்கு இவ்வளவு கிட்ட இருக்கக்கூடாது, கொட்டில்களை அப்பால் கொண்டுபோக வேண்டும் என்று எழுதப்போகிறேன்.

லயத்து ஆட்களிடம் சொல்லுங்கள். நான் விடமாட்டேன்.

அன்புடன்,
யசோதினி


கீழ்க்கணக்கு,
டயகம.
20.09.2002

அன்புள்ள யசோதினி மிஸ்ஸுக்கு,

உங்கள் கடிதத்தை லயத்தில் வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது. சந்தோஷத்தில் வாசித்துவிட்டேன்.

மறுநாள் கோயிலடியில் கூட்டம் போட்டுவிட்டார்கள். நான் பிள்ளைகளைப் பற்றிப் பேசத்தான் போனேன். முதலில் எழுந்தது ஆண்டியப்பன், அழகம்மாவின் புருஷன். அந்த இழுப்புக்காரப் பிள்ளையின் அப்பா. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கிடந்தவன். பண்ணை வந்து அதில் வேலை கிடைத்த பிறகுதான் லயத்துக்குத் திரும்பி வந்தான்.

"டீச்சரம்மா, ஒங்க மிஸ் எழுதி பண்ணைய மூடினா நான் மறுபடி கொழும்புக்குப் போய்த் தட்டுக் கழுவணும். எம்புள்ள மொகத்த பொங்கலுக்கு ஒருக்கா, தீவாளிக்கு ஒருக்கா பாக்கணும். அது ஒங்களுக்குச் சம்மதமா?"

"அந்தப் புள்ளைக்குத்தானே இழுப்பு" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? ராத்திரில மூச்சு எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கவன் நாந்தானே?"

அழகம்மா தூணில் சாய்ந்து நின்றாள். எந்தப் பக்கமும் வாய் திறக்கவில்லை.

இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும். பண்ணையில் வீரய்யாவை நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள். கொட்டிலுக்கு அடியில் எச்சம் வாருகிற வேலைதான். வரும்போது கண் இரண்டும் சிவந்து, சட்டையைக் கழற்றி வெளியில் போட்டுவிட்டுத்தான் காம்பராவுக்குள் நுழைகிறார். ஆனாலும் மனுஷன் நிமிர்ந்து நடக்கிறார். இத்தனை வருஷமும் தோட்டத்தில் வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயா ஏசுவதைக் கேட்டுக் கேட்டுக் குனிந்திருந்தவர். பண்ணை மெனேஜர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாராம். அதைச் சாப்பிடும்போது இரண்டு தரம் சொன்னார்.

அதனால் கேட்கிறேன், மிஸ். பண்ணையைத் தூக்கச் சொல்லி எழுதாமல், எச்சத்தை நனையாமல் மூடி வைக்க, அடிக்கடி அள்ளிவிட, மருந்து ஏதாவது தெளிக்க என்று எழுதினால் போதாதா? காற்றும் நல்லா இருக்க வேண்டும், வேலையும் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையா என்று தெரியவில்லை. நான் எழுதுவது சரியில்லை என்றால் கோபிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெயந்தினி


பேராதனை.
11.10.2002

அன்பின் ஜெயந்தினி அக்கா,

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். பத்து நாளாகச் சேரோடு சண்டை பிடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. நீங்களே பின்வாங்கினால் நான் யாருக்காகக் கதைக்கிறேன்? ஆளாளுக்கு விருப்பமானபடி காற்றை மாற்றி எழுத என்னால் முடியாது. பிள்ளைக்கு இழுப்பு வந்தபோது என்னைத்தான் கேட்டீர்கள், மறக்க வேண்டாம்.

இனி அதைப் பற்றிக் கதைத்துப் பயனும் இல்லை. அறிக்கை போய்விட்டது.

லயத்துக்கும் பண்ணைக்கும் இடையில் தூரம் வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். சேர் லயம் என்ற சொல்லை வெட்டிவிட்டார். "லயத்தைப் போட்டால் பண்ணை முழுக்கத் தூக்கவேணும். ஒருத்தரும் ஏற்கமாட்டினம், முழு அறிக்கையையும் குப்பையில போடுவினம். பிள்ளைகளின்ர இடத்தை மட்டும் கேள், அதைத் தருவினம்" என்றார். பிறகு இருவரும் சேர்ந்து எழுதியது இதுதான்: சிறுவர் பராமரிப்பு நிலையம், பாடசாலை, வைத்தியசாலை ஆகியவற்றுக்கும் கோழிக் கொட்டில்களுக்கும் இடையில் குறைந்தது ஐந்நூறு மீற்றர் இடைவெளி இருத்தல் வேண்டும். எச்சத்தைக் கூரையிட்டு மூட வேண்டும் என்பதும் இருக்கிறது. நீங்கள் கேட்டதற்காக அல்ல. முதலிலேயே இருந்தது.

பிள்ளைக்காம்பராவுக்குக் கிட்ட இருக்கிற கொட்டில்களையாவது பின்னுக்குத் தள்ளித்தான் ஆக வேண்டும். உங்கள் வீட்டுக்காரரின் வேலைக்கும் பாதகம் வராது. இவ்வளவுதான் என்னால் முடிந்தது.

சண்டை நின்று பாதை திறந்திருப்பதால் அடுத்த மாதம் யாழ்ப்பாணம் போகிறேன். அம்மாவைப் பார்த்து ஏழு வருடம். வந்து எழுதுகிறேன்.

யசோதினி


கீழ்க்கணக்கு,
டயகம.
16.02.2003

யசோதினி மிஸ்ஸுக்கு,

நீங்கள் ஊரிலிருந்து திரும்பிவிட்டீர்களா என்று தெரியாது. இந்தக் கடிதம் எப்போது உங்கள் கைக்குக் கிடைத்தாலும் கிடைக்கட்டும்.

பொங்கல் முடிந்த கிழமை தோட்டத்து ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். தொரை இருந்தார், பண்ணை மெனேஜர் இருந்தார், கிளாக்கர் ஐயா உங்கள் அறிக்கையைத் தமிழில் சொன்னார். ஐந்நூறு மீற்றர் என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிஸ் சொன்னதைச் செய்துவிட்டார் என்று மனதுக்குள் உங்களைக் கும்பிட்டேன்.

அப்புறம் தொரை சொன்னார்: "அறிக்கைப்படி பிள்ளைக்காம்பரா அந்த இடத்தில் இருக்க முடியாது. பிள்ளைகளின் நன்மைக்காக நாங்கள் அதை மூடுகிறோம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. கொட்டிலைத்தானே தள்ளச் சொல்லியிருக்கிறது என்று கேட்டேன். கிளாக்கர் ஐயா மறுபடி வாசித்தார். இடைவெளி இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. எது நகர வேண்டும் என்று இல்லை.

அடுத்த கிழமையே லொறி வந்தது. கட்டில்கள், அடுப்பு, பால் காய்ச்சுகிற பானை, சுவரில் ஒட்டியிருந்த படங்கள் எல்லாம் ஏறின. கதவில் பூட்டுப் போட்டார்கள். பிள்ளைகளை மேக்கணக்கு டிவிஷன் பிள்ளைக்காம்பராவில் சேர்க்கலாமாம். மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிறது. பால் கொடுக்கிற தாய் இடையில் ஓடிவந்து கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்ப முடியுமா? ஒருத்தரும் கொண்டுபோகவில்லை. பிள்ளைகள் இப்போது பகலெல்லாம் லயத்தில் கிடக்கிறார்கள். கால் முடியாத மீனம்மாதான் எல்லாரையும் பார்த்துக்கொள்கிறாள்.

லயம் எங்கே இருக்கிறது, மிஸ்? நீங்கள் நடந்து பார்த்தவர்தானே. பிள்ளைக்காம்பராவைவிட லயம்தான் பண்ணைக்குக் கிட்ட. பிள்ளைகள் இருக்கக்கூடாது என்று ஒரு இடத்தைப் பூட்டி, அதைவிட மோசமான இடத்தில் அவர்களைக் கொண்டுபோய் விட்டாகிவிட்டது. அந்த ஐந்நூறு மீற்றரில் லயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எச்சத்துக்குக் கூரை போட்டார்கள். ரோட்டிலிருந்து தெரிகிற பக்கத்துக்கு.

நான் கொழுந்துக்குப் போகிறேன். பேர் பதிந்தாகிவிட்டது. கை இன்னும் பழகவில்லை. ஆண்டியப்பன் வழியில் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். பண்ணையை மூட வேண்டாம் என்று நானும்தானே உங்களுக்கு எழுதினேன். யாரை ஏசுவது என்றே தெரியாமல் உங்களை ஏசி எழுதுகிறேன்.

ஜெயந்தினி


பேராதனை.
23.03.2003

அன்பின் ஜெயந்தினி அக்கா,

ஊரில் அம்மாவுக்குச் சுகமில்லாமல் தங்கிவிட்டேன். போன கிழமைதான் வந்தேன். உங்கள் கடிதம் மேசையில் கிடந்தது.

வாசித்த கையோடு சேரிடம் போனேன். அவர் அறிக்கையை எடுத்து அந்த வரியை மறுபடி வாசித்தார். பிறகு, "இப்பிடியும் வாசிக்கலாமெண்டு நான் நினைக்கேல்லை, பிள்ளை" என்றார். அவ்வளவுதான். வழக்கமாக மாலையில் நடக்கப் போகிறவர் அன்று போகவில்லை.

நான் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே சுற்றாடல் அலுவலகத்தில் ஒரு சிங்கள அதிகாரி மரியாதையாகக் கதிரை தந்து, தேநீரும் தருவித்தார். லயத்தின் கோடிக் காம்பராவில் எடுத்த அளவைக் காட்டினேன். கவனமாகப் பார்த்தார்.

"உங்கள் அறிக்கை கேட்டதை அவர்கள் செய்துவிட்டார்களே, மிஸ். இன்னும் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

லயத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன்.

"லயம் தோட்டத்தின் கட்டடம். காற்று சரியில்லை என்று தோட்டம்தான் முறையிட வேண்டும். முறையிட்டதா?"

பண்ணைக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்ததே தோட்டம்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அது எனக்கும் தெரியும்" என்றார். தேநீர் ஆறிப்போனது. குடிக்காமல் எழுந்து வந்தேன்.

நானு ஓயாவில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அங்கிருந்து டயகமவுக்கு வந்துவிடலாமா என்று யோசித்தேன். வந்து உங்கள் முன்னால் என்ன சொல்வது? ரயில் வந்தது, ஏறிவிட்டேன். அறிக்கையோடு என் ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. மறுபடி அளக்கக் கேட்டால் குழாயும் தரமாட்டார்கள், ஆய்வுகூடமும் தரமாட்டார்கள்.

அக்கா, எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். இதற்காகவா இவ்வளவு படித்தாய் என்று நீங்கள் கேட்கலாம். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். விடியற்காலையில் வாசலிலும் யன்னலிலும் தடித்த துணியை நனைத்துத் தொங்கவிடுங்கள். வரும் காற்றில் கொஞ்சத்தை அது பிடித்துக்கொள்ளும். துணியை அடிக்கடி அலசி மறுபடி நனைக்க வேண்டும். வீரய்யா அண்ணன் மூக்கை ஈரத்துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்யட்டும். கண்ணை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

உங்களுக்கு எழுதிய அந்தக் கோபக் கடிதத்தை நினைத்தால் தாங்க முடியவில்லை. ஏசுவதென்றால் ஏசி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்க வேண்டாம்.

அன்புடன்,
யசோதினி


கீழ்க்கணக்கு,
டயகம.
27.04.2003

அன்புள்ள யசோதினி,

நீங்கள் நுவரெலியா வரைக்கும் போனதே பெரிசு. வீரய்யாவும் அதைத்தான் சொன்னார். "அந்தப் புள்ள என்னா செய்யும்? அதுவும் நம்ம மாதிரிதான்" என்றார்.

நீங்கள் எழுதியபடி துணி கட்டினோம். லயம் முழுக்க வாசலுக்கு வாசல் பழைய சாக்கையும் போர்வையையும் நனைத்துத் தொங்கவிட்டோம். உண்மைதான், கண் எரிச்சல் குறைந்தது. ஆனால் எங்கள் குளிர் உங்களுக்குத் தெரியும். நனைந்த துணிக்குப் பின்னால் கிடந்த பிள்ளைகளுக்குச் சளி பிடித்தது. ஒரு கிழமை கட்டுவோம், ஒரு கிழமை கழற்றுவோம். இப்போது பாதிப் பேர் கழற்றிவிட்டார்கள். நான் இன்னும் கட்டுகிறேன்.

அழகம்மாவின் மகளுக்குச் சித்திரைப் பிறப்புக்கு முந்தி மறுபடி இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் லயத்துக்கு வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே ஹட்டன் பக்கம் தன் அம்மா இருக்கிற தோட்டத்துக்குப் போய்விட்டாள். பிள்ளையை அங்கே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தாள். ஆண்டியப்பன் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். சோறு போட்டுக் கொடுத்தானாம்.

பிள்ளை இன்னும் பால் குடிக்கிற பிள்ளை. அவளுக்கு மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. ஆனாலும் மலைக்கு வந்தாள். ஒரே நிரையில்தான் நின்றோம். கொஞ்ச நேரத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்தினாள். நான் போய்ப் பார்த்தேன். பாலைப் பிழிந்து மண்ணில் விட்டுக்கொண்டிருந்தாள். "வலிக்குதுக்கா" என்றாள். கங்காணி சத்தம் போடாமல் இருக்க, நான் அவளுக்கு முன்னால் நின்று மறைத்துக்கொண்டேன். அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள். போக இடம் இல்லாதவர்களின் பிள்ளைகள் மீனம்மாவிடம் இருக்கிறார்கள்.

போன வியாழக்கிழமை நுவரெலியா ஆபீசிலிருந்து ஒரு ஐயா வந்தார். அறிக்கையில் சொன்னதெல்லாம் நடந்திருக்கிறதா என்று பார்க்க வந்தாராம். பூட்டியிருந்த பிள்ளைக்காம்பராவைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அது வேலை நேரம். காய்ச்சல் கூடியதால் அழகம்மா அன்று மலைக்குப் போகவில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க நின்றிருந்தேன். அவர் வாசலில் நின்று அழகம்மாவிடம் சிங்களத்தில் கேட்டார்: "உங்கள் பிள்ளைக்கு இப்போது இருமல், இழுப்பு ஏதாவது இருக்கிறதா?"

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அழகம்மா என் கையைப் பிடித்தாள். மேலே பண்ணையில் ஆண்டியப்பன் வேலையாக நிற்கிறான்.

"இல்லீங்க" என்றாள்.

அவள் சொன்னது பொய் இல்லை. அவளுடைய பிள்ளை ஹட்டனில் நன்றாக மூச்சு விடுகிறது. அந்த ஐயா சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

அன்புடன்,
ஜெயந்தினி